டீச்சர் நாற்காலிக்கும் ஒரு சீட்டு

1. ஒன்பது பெஞ்சு

நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியில் சயின்ஸ் டீச்சராகச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். சொந்த ஊர் திருப்பாச்சூர். பி.டி. முடித்த கையோடு ஆர்டர் வந்துவிட்டது. பொன்னேரியில் ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொண்டு, தினமும் பாசஞ்சர் ரயிலில் போய் வந்தேன். ஜூன் மாதம் முதல் நாள் மணி அடித்தது. பதினோராம் வகுப்பு பி பிரிவுக்கு நான்தான் கிளாஸ் டீச்சர் என்று ரிஜிஸ்டரைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வாசலுக்குப் போவதற்குள் உள்ளே அடிதடிச் சத்தம்.

சண்டை பெஞ்சுக்காக. வகுப்பில் ஐம்பத்து நான்கு பேர். பெஞ்சு ஒன்பது. நெருக்கி உட்கார்ந்தால் ஒரு பெஞ்சில் நான்கு பேர், ஆக முப்பத்தாறு. மீதிப் பதினெட்டுப் பேர் பின்னால் சிமெண்டுத் தரையில். தரைக்குப் போகிற பதினெட்டுப் பேர் யார் என்பதில்தான் தினமும் காலையில் ரகளை.

அந்த வகுப்பில் இல்லாத ஆளே கிடையாது. புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளின் குவார்ட்டர்ஸ் பிள்ளைகள், வீட்டில் உருது பேசும் பஜார் பிள்ளைகள், ஆரம்பாக்கம் பக்கமிருந்து வரும் தெலுங்குப் பிள்ளைகள், நேற்றுவரை கழனி வேலை பார்த்து இன்றைக்குக் கம்பெனி கேட்டில் நிற்கும் அப்பாக்களின் காலனிப் பிள்ளைகள். அதோடு கடல் தண்ணீர் கலக்கும் ஏரியின் கரையிலிருந்த மீனவர் குப்பத்திலிருந்து பதினோரு பேர். அவர்களுக்கு ஒரே ஒரு பஸ். அது எத்தனை மணிக்கு வரும் என்று டிரைவருக்கே தெரியாது. அவர்கள் வந்து சேரும்போது பெஞ்சு நிறைந்திருக்கும். ஆகவே தரை அவர்களுக்கு என்று ஆகிப்போனது.

அந்தப் பதினோரு பேரில் ஒரே ஒரு பெண், தேசம்மா. குப்பத்திலிருந்து பதினோராம் வகுப்புவரை வந்த முதல் பெண் அவள். ஒடிசலான உடம்பு, கணீர் குரல். எதையும் முகத்துக்கு நேரே கேட்பாள்.

2. நான் செய்த புத்திசாலித்தனம்

நான் கோபக்காரி. கோபம் வந்தால் உடனே ஒரு சட்டம் போடுவேன். முதலில் உயரப்படி உட்கார வைத்தேன். குட்டையானவர்கள் முன் பெஞ்சில், நெட்டையானவர்கள் தரையில். குப்பத்துப் பையன்கள் எல்லோரும் வாட்டசாட்டம். மறுபடியும் தரை அவர்களுக்கே போயிற்று.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் இன்னும் பெரிய புத்திசாலித்தனம் ஒன்று செய்தேன். மார்க்குப்படி பெஞ்சு. முதல் முப்பத்தாறு பேருக்குப் பெஞ்சு, கடைசிப் பதினெட்டுப் பேருக்குத் தரை. படித்தால் மேலே ஏறலாம், இதைவிட நியாயம் என்ன இருக்கிறது என்று பெருமையாக அறிவித்தேன். அந்தப் பதினெட்டில் குப்பத்துப் பிள்ளைகள் பதினோரு பேரும் இருந்தார்கள். தேசம்மாவும்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள். கன்னியப்பன் என்கிற குப்பத்துப் பையன்தான் கேட்டான்.

"நாங்க இன்னா டீச்சர், தரையிலயே குந்திக்கினு இருக்கணும்னு எழுதியா வெச்சிக்கீது?"

"படிடா, மேலே வா" என்றேன். ஐயோ, அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் கன்னியப்பன் பஸ்ஸுக்குக் காத்திராமல் விடியற்காலையிலேயே நடக்க ஆரம்பித்து, எல்லோருக்கும் முன்னால் வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். அது ரகுநாதனின் இடம். ரகுநாதன் கம்பெனி போர்மேன் மகன், வகுப்பில் முதல் மார்க். அவன் வந்து, "எழுந்திருடா, மார்க் வாங்கிட்டு வந்து உக்காரு" என்று தோளைப் பிடித்து இழுத்தான். இவன் தள்ளினான். ரகுநாதன் பெஞ்சு முனையில் விழுந்தான். நெற்றியில் மூன்று தையல்.

மத்தியானமே போர்மேன் வந்து ஹெட்மாஸ்டர் அறையில் மேஜையைத் தட்டிக் கத்திவிட்டுப் போனார். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள்.

3. பதினோரு டி.சி.

எங்கள் ஹெட்மாஸ்டர் கெட்டவர் இல்லை, பயந்தவர். ஓய்வு பெற ஒரு வருஷம்தான் பாக்கி. யாராவது குரலை உயர்த்தினால் உடனே சரி சரி என்று ஒப்புக்கொண்டுவிடுவார்.

"ஏம்மா வசந்தா, கம்பெனிக்காரங்க நமக்குக் கட்டடம் கட்டித் தர்றேன்னு சொல்லியிருக்காங்க. அவங்க புள்ள மண்டைய ஒடச்சா சும்மா இருப்பாங்களா? குப்பத்துப் பசங்க பதினோரு பேருக்கும் டி.சி. குடுத்து அனுப்பிட வேண்டியதுதான்."

"தள்ளினது ஒருத்தன் சார். பதினோரு பேர் எதுக்கு?"

"ஒருத்தன அனுப்பினா மீதிப் பத்துப் பேரும் கலாட்டா பண்ணுவாங்க. மொத்தமா அனுப்பிட்டா தொல்லை விட்டுது."

டி.சி. பதினொன்றும் எழுதித் தயாராக இருந்தன. கையெழுத்து மட்டும் போடவில்லை. அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன். அதற்கு முன் ஆள் எண்ணிக்கை குறைந்தால் அதிகாரி கேள்வி கேட்பார் என்று அதற்கும் பயம். இன்ஸ்பெக்ஷன் முடிந்த அன்றைக்கே கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

பொதுத் தேர்வுக்குச் சில மாதமே இருக்கும்போது வெளியே அனுப்பினால் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள்? பதினோரு பேருக்கும் படிப்பு அதோடு சரி. தேசம்மா அந்தப் பஸ்ஸில் மறுபடியும் ஏறவே போவதில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் நான் போட்ட மார்க் சட்டம்.

"சார், இன்ஸ்பெக்ஷன் வரைக்கும் என் வகுப்புல ஒரு சண்டை வந்தா நீங்க சொன்ன மாதிரி செய்யுங்க. வரலைன்னா டி.சி.யைக் கிழிச்சுப் போடுங்க" என்றேன்.

"அதிகாரி வாயால நல்லா இருக்குன்னு வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

4. ஏரி வழக்கம்

வகுப்புக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். ரகுநாதன் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தான். "பெஞ்சு விஷயத்துல நான் போட்ட ரெண்டு சட்டமும் தப்பு. இனிமே என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க" என்றேன்.

பின்னாலிருந்து தேசம்மா எழுந்தாள்.

"எங்க ஊர்ல இதுக்கெல்லாம் சண்டையே வராது டீச்சர். பாடு போட்டுக்குவோம்."

"அது என்ன பாடு?"

"ஏரில எல்லா எடத்துலயும் மீனு, எறா ஒரே மாரி கெடைக்காது டீச்சர். நல்ல எடம் கீது, ஒண்ணுத்துக்கும் ஒதவாத எடமும் கீது. அதுக்காக எல்லார் பேரயும் எழுதி கோயில்ல சீட்டு எடுப்பாங்க. சீட்டுல எந்த எடம் வந்துச்சோ அங்கதான் இன்னிக்கு வல போடணும். நாளைக்கு அடுத்த எடம், நாளன்னிக்கு அதுக்கு அடுத்த எடம்னு எல்லாரும் நவுந்துக்கினே இருப்பாங்க. எவனும் ஒரே எடத்தப் புடிச்சிக்கினு குந்த முடியாது."

எனக்குச் சட்டென்று விளங்கியது. அங்கேயே நோட்டுத் தாளைக் கிழித்து எண் எழுத ஆரம்பித்தேன். பெஞ்சு முப்பத்தாறு, தரை பதினெட்டு. ஐம்பத்து நான்கு சீட்டையும் மடித்து ஒரு சாக்பீஸ் டப்பாவில் போட்டேன். தேசம்மா டப்பாவை எட்டிப் பார்த்தாள்.

"ஒரு சீட்டு கொறையுது டீச்சர்."

"சரியாத்தான் இருக்கு. யாருது குறையுது?"

"உங்க நாற்காலி. எங்க ஊர்த் தலைவரும் சீட்டு எடுப்பாரு டீச்சர். அவரு எடுக்கலன்னா வேற எவனும் எடுக்க மாட்டான்."

எனக்குச் சுருக்கென்றது. பொய் சொல்வானேன், கோபமும் வந்தது. வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அந்த நாற்காலியை விட்டால் எனக்கென்று அங்கே வேறு என்ன மரியாதை இருக்கிறது? இவள் அதையும் கேட்கிறாளே என்று முறைத்தேன். அப்போது ரகுநாதன் எழுந்தான்.

"டீச்சர் தரையில உக்காந்தா நானும் உக்கார்றேன்" என்றான்.

ஐம்பத்து நான்கு பேரும் என்னையே பார்த்தார்கள். இன்னொரு தாளைக் கிழித்து ஐம்பத்தைந்து என்று எழுதி, "இது நாற்காலி" என்று டப்பாவில் போட்டேன். வகுப்பே கை தட்டியது. ஆனால் நானும் லேசுப்பட்டவள் இல்லை. நாற்காலிப் பாடு யாருக்கு வருகிறதோ அவர் முதல் பத்து நிமிஷம் நேற்றைய பாடத்தை வகுப்புக்கு நடத்திக் காட்ட வேண்டும் என்று ஒரு கொக்கியும் போட்டேன். மற்ற வாத்தியார்கள் வந்தால் நாற்காலி அவர்களுக்கு. நாற்காலிக்காரர் அந்த நேரம் காலியாக இருக்கும் என் இடத்துக்குப் போய்விட வேண்டும்.

நான் எடுத்த சீட்டில் தரை வந்தது. பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பு வாத்தியார் வந்து எட்டிப் பார்த்தார்.

5. தரையிலிருந்து

மறுநாள் காலை. ஒரு தெலுங்குப் பையன் நாற்காலியிலிருந்து எழுந்து, நேற்றுப் போட்ட கணக்கைக் கரும்பலகையில் எழுதினான். நான் கடைசி வரிசைத் தரையில் கால் மடக்கி உட்கார்ந்திருந்தேன். பலகையில் ஒன்றுமே தெரியவில்லை. எனக்கு முன்னால் பெஞ்சும், பெஞ்சில் உட்கார்ந்தவர்களின் முதுகும். பலகையின் மேல் ஓரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

"மேலே எழுதுப்பா" என்றேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் மெதுவாகச் சொன்னான். "நீங்களும் அங்கதான் எழுதுவீங்க டீச்சர்."

உண்மைதான். நான் குட்டை. தலைப்பை எக்கி மேலே எழுதிவிட்டு, கணக்கெல்லாம் கீழ்ப்பாதியில்தான் போடுவேன். தரையில் உட்கார்ந்தவர்கள் ஜூன் மாதத்திலிருந்து ஒரு கணக்கையும் பார்க்கவே இல்லை. பார்க்காத கணக்கில் தப்புச் செய்தார்கள் என்று மார்க்கைக் குறைத்து, மார்க் குறைவு என்று மறுபடியும் அதே தரைக்கு அனுப்பியிருக்கிறேன்.

"ஏன்டா, இத்தனை மாசம் ஒருத்தராவது வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"சொன்னா, படிடா, மேல வான்னுதான சொல்லுவீங்க."

கன்னத்தில் அறைந்தாற்போல் இருந்தது. அன்றைக்கே பெஞ்சையெல்லாம் பின்னுக்குத் தள்ளி, தரையில் உட்காருகிறவர்களை முன்னுக்குக் கொண்டுவந்தோம். அவ்வளவு சின்ன வேலை. ஆறு பையன்கள் சேர்ந்து பத்து நிமிஷத்தில் முடித்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வகுப்பு வேறு மாதிரி ஆகிவிட்டது. தினமும் எல்லோரும் ஒரு இடம் நகர்ந்தார்கள். குவார்ட்டர்ஸ் பிள்ளை தரைக்கு வந்தான், காலனிப் பிள்ளை முதல் பெஞ்சுக்குப் போனான். பஸ் தாமதமாக வந்தாலும் குப்பத்துப் பிள்ளைகளின் இடம் அப்படியே இருந்தது. "இன்னிக்கு எனக்கு முப்பத்தேழு, ஜன்னலோரம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதைக் கேட்க எனக்குக் குஷியாக இருக்கும். நாற்காலிக்கு வரப்போகிறவர் முந்தின நாளே பாடத்தை உருப்போட்டு, பக்கத்தில் இருப்பவரைப் பிடித்துச் சந்தேகம் கேட்பார். ஒரு சண்டை இல்லை.

6. எனக்கு வந்த நடுக்கம்

இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தின நாள் ஹெட்மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அந்தக் கூத்தெல்லாம் வேணாம்மா. நீ நாற்காலியில உக்காரு. நல்லபடியா முடிஞ்சா நான் டி.சி.யைக் கிழிச்சுடறேன்."

எனக்கும் அது சரி என்றே பட்டது. பதினோரு பேர் படிப்பை வைத்து விளையாட முடியுமா? வகுப்பில் போய், "நாளைக்கு மட்டும் பாடு நிறுத்தம்" என்றேன். சொன்ன பிறகுதான் நாளைக்கு நாற்காலிப் பாடு யாருக்கு என்று ஞாபகம் வந்தது. தேசம்மாவுக்கு. வகுப்பில் நாலு நாளாக நடந்த மிதத்தல் பாடத்தை அவள் தயார் செய்துகொண்டிருந்தாள்.

அவள் நோட்டை மூடிப் பையில் வைத்தாள். கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். ரகுநாதன்தான் பேசினான். நெற்றியில் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"பெரியவங்க வரும்போது மட்டும் நிறுத்தினா அது பாடா டீச்சர்?"

எனக்கு இரண்டு பக்கமும் பயம். நிறுத்தினால் இந்தப் பிள்ளைகள் இனி நான் சொல்வதை நம்பமாட்டார்கள். நிறுத்தாவிட்டால் பதினோரு பேரும் வீட்டுக்குப் போக வேண்டி வரலாம். தேசம்மாவையே கேட்டேன்.

"நீ சொல்லு. உனக்குத்தான் நஷ்டம்."

"பாடு வந்தவன் வல போட்டே ஆகணும் டீச்சர். பயந்துக்கினு ஊட்ல குந்தினா அந்த நாளு போச்சு, திரும்ப வராது."

"சரி, போடு வலையை" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அன்றைக்கு ரயிலில் திரும்பும்போது வேலை போனால் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

7. அதிகாரி வந்தார்

முதல் பீரியடிலேயே வந்துவிட்டார். வெளியே மழை. அதிகாரி முன்னால், ஹெட்மாஸ்டர் குடையோடு பின்னால். உள்ளே தேசம்மா மேஜைக்குப் பக்கத்தில் சாக்பீஸும் கையுமாக நின்று பலகையில் ஒரு படகு வரைந்திருந்தாள். நான் முன் வரிசைத் தரையில். எல்லோரும் எழுந்தோம். நான் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்ததைப் பார்த்து ஹெட்மாஸ்டர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது.

"இந்த வகுப்புக்கு டீச்சர் யாரு?" என்றார் அதிகாரி.

"நான்தான் சார்."

"அப்ப இந்தப் பொண்ணு?"

நான் வாயைத் திறப்பதற்குள் ரகுநாதன் சத்தமாகச் சொன்னான். "இன்னிக்கு நாற்காலி அவங்க பாடு சார். எனக்கு அடுத்த வியாழக்கிழமை வருது. டீச்சருக்கு இன்னிக்குத் தரை."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாடு என்றால் என்ன என்று கேட்டார். கன்னியப்பன் எழுந்து ஏரி, வலை, சீட்டு எல்லாவற்றையும் திக்காமல் சொன்னான். அதிகாரி தேசம்மா பக்கம் திரும்பி, "நடத்தும்மா, பார்ப்போம்" என்றார்.

அவள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தாள். "மழ பேஞ்சு ஏரித் தண்ணி இனிச்சுப் போச்சுன்னா, அதே படகு, அதே பாரம், ஒரு வெரல் அகலம் கீழ எறங்கும். ஏரி கடலோட சேர்ற மொகத்தொறம் வழியா கடல் தண்ணி உள்ள வந்துச்சுன்னா மறுபடி மேல ஏறிக்கும்."

"ஏன்?" என்றார் அதிகாரி.

"உப்புத் தண்ணிக்கு அடர்த்தி ஜாஸ்தி சார். படகு மெதக்கணும்னா அதோட எடைக்குச் சமமா தண்ணிய ஒதுக்கணும். உப்புத் தண்ணியா இருந்தா கொஞ்சமா ஒதுக்கினாலே அந்த எடை வந்துடும். அதனால படகு அதிகம் எறங்காது."

"சரி, இதுல ஒரு கணக்கு குடுக்கறேன். தரையில இருக்கிறவங்க யாராவது போடுங்க" என்று ஒரு கணக்கைச் சொன்னார். கன்னியப்பன் எழுந்து போய்ப் பலகையில் போட்டான். நடுவில் ஒரு பெருக்கலில் தடுமாறினான். அவனே அழித்துவிட்டு மறுபடியும் போட்டு, சரியான விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தான். ரகுநாதன்தான் முதலில் கை தட்டினான்.

அதிகாரி உட்கார இடம் தேடினார். "நான் எங்கம்மா உக்கார்றது?" என்று தேசம்மாவைக் கேட்டார்.

அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "நீங்க சீட்டு எடுக்கலியே சார். சீட்டு எடுக்காதவங்க கரையிலதான் நிக்கணும்."

ஹெட்மாஸ்டர் குடையைக் கீழே போட்டுவிட்டார். அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சுவரில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார்.

போகும்போது வாசலில் நின்று ஹெட்மாஸ்டரிடம், "ரொம்ப நல்ல கிளாஸ். பொதுத் தேர்வுக்கு இதுலேருந்து எத்தனை பேரை அனுப்பறீங்க?" என்றார்.

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார்.

"அம்பத்திநாலு பேரும் சார்" என்றார்.

அப்பாடா! அவர் அப்படிச் சொன்னபோது அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அவர்கள் அடுத்த வகுப்புக்குப் போனதும், எங்கள் வகுப்பில் எழுந்த கூச்சலுக்கு நானும் காரணம். டீச்சராக லட்சணமாக அடக்கியிருக்க வேண்டும். நானும் சேர்ந்து கத்தினேன்.

8. ரிசல்ட்

ரிசல்ட் வந்த அன்று பேப்பர் கட்டு பாசஞ்சர் ரயிலில் வந்து இறங்கியது. ஸ்டேஷனே நிரம்பி வழிந்தது. குப்பத்திலிருந்து ஆணும் பெண்ணுமாக ஒரு கூட்டம் வந்திருந்தது. போர்மேனும் வந்திருந்தார். ரகுநாதன் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று நம்பர்களைப் படித்தான். தன் நம்பரைப் படித்துவிட்டு நிற்காமல், குப்பத்துப் பதினோரு நம்பரையும் மனப்பாடமாக வைத்திருந்து ஒவ்வொன்றாகத் தேடினான். பதினொன்றில் ஒன்பது இருந்தது. கன்னியப்பன் பாஸ். தேசம்மா பாஸ். பாஸாகாத இரண்டு பேரும் அடுத்த தடவை எழுதித் தேறினார்கள்.

தேசம்மாவின் அப்பா என்னிடம் வந்து, "எங்க பொண்ணு உங்களயே தரையில குந்த வெச்சிட்டாளாமே, மன்னிச்சுக்கோம்மா" என்றார்.

"குந்த வெச்சதாலதான்யா உங்க பொண்ணு பாஸ்" என்றேன். அவருக்கு அது விளையாட்டுப் பேச்சாகப் பட்டிருக்க வேண்டும். நான் விளையாட்டாகச் சொல்லவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் என்னிடம் வகுப்பை எப்படி அடக்குவது என்று கேட்கிறார்கள். அடக்குவது எப்படி என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு சட்டம் போட்டால் அதில் முதலில் உங்கள் பெயரை எழுதுங்கள், உங்களுக்கு விழுகிற இடத்தில் போய் உட்காருங்கள், அங்கிருந்து பலகை தெரிகிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதைப் படிக்க எனக்கு பி.டி. போதவில்லை. பதினோரு பேர் படிப்பு போகிற நிலைமை வந்தபோது, பதினாறு வயதுப் பெண் ஒருத்தி டப்பாவை எட்டிப் பார்த்து ஒரு சீட்டு குறைகிறது என்று சொன்னாள். நான் அந்தச் சீட்டை எழுதினேன். என் வேலைக்காலத்தில் நான் செய்த காரியங்களில் அதுதான் உருப்படியானது.